டீகோடர் பொருத்தித் தருகிறோம் என்று சொல்லும் கடைகளிடம் கவனம்

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே மாதிரி ரயில் பொருட்களை இணையத்தில் விற்கும் ஒரு கடை, எஞ்சினுக்குள் டீகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகையைப் பொருத்தித் தருவதாகச் சொல்லி என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு மோசம் செய்துவிட்டது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் என்ன நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை முழுமையாக எழுதுகிறேன். டிசிசிக்கு, அதாவது மாதிரி ரயில்களை டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறைக்கு, மாற நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். பழைய டிசி முறையில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அதன்மேல் நிற்கும் எல்லா எஞ்சின்களும் ஒன்றாக ஓடும். டிசிசியில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்தே வரும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் டீகோடர், தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரையும் விளக்கையும் ஒலியையும் இயக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோலரில் இன்னொரு நிறுவனத்தின் டீகோடர் வேலை செய்கிறது. ஏமாற்றுபவர்களுக்கும் அதுதான் வசதியாகிவிட்டது. எந்தப் பலகையை உள்ளே வைத்தாலும் எஞ்சின் ஓடும். மூடியைக் கழற்றிப் பார்க்காதவரை உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது.

நான் ஆர்டர் செய்தது ஓஓ அளவில் (இங்கே பரவலாக இருக்கும் மாதிரி ரயில் அளவு) ஒரு புதிய கிளாஸ் 37 டீசல் எஞ்சின், ஒலி டீகோடரோடு. அசல் கிளாஸ் 37 எஞ்சின்கள் 1960 முதல் 1965 வரை 309 கட்டப்பட்டன. உள்ளே இங்கிலிஷ் எலக்ட்ரிக்கின் 12 சிலிண்டர் டீசல், 1,750 குதிரைத்திறன். அதன் உறுமலைக் கேட்டுத்தான் இங்குள்ள ரயில் ரசிகர்கள் அதற்கு டிராக்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் எஞ்சின் விலைக்கு மேல் இன்னொரு 100 பவுண்டுக்கும் அதிகமாக ஒருவர் செலவு செய்வார். நானும் அதற்காகத்தான் செய்தேன். விற்பனைப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்: இஎஸ்யூ நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 ஒலி டீகோடர், அசல் கிளாஸ் 37இல் பதிவு செய்த ஒலி.

வந்ததை ஓட்டியதும் சந்தேகம் வந்துவிட்டது. ஏதோ ஒரு பொதுவான டீசல் இரைச்சல். வேகம் ஏறும்போது 37இல் கேட்கும் டர்போ சீழ்க்கை இல்லை. ஹார்ன் இரண்டு சுரத்தில் ஒலிக்க வேண்டும். இது அமெரிக்க எஞ்சின் மாதிரி பல சுரங்கள் சேர்ந்து அலறியது. ஒலியை மட்டும் வைத்துச் சண்டை போட முடியாது, உங்கள் காதுக்கு அப்படித் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். எனவே எஞ்சினை, டீகோடரின் அமைப்புகளை வாசிக்கவும் மாற்றவும் பயன்படும் தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில் வைத்து சிவி 8ஐ வாசித்தேன்.

இந்த சிவி 8ஐ எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டீகோடருக்குள் இருக்கும் அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவி எண் உண்டு. சிவி 1இல் முகவரி, சிவி 3இல் வேகம் ஏறும் விதம், சிவி 4இல் இறங்கும் விதம். சிவி 8இல் இருப்பது தயாரிப்பாளரின் எண். இஎஸ்யூவுக்கு 151, ஸிமோவுக்கு 145, லென்ஸுக்கு 99, டிஜிட்ராக்ஸுக்கு 129, சவுண்ட்ராக்ஸுக்கு 141. எனக்கு வந்த எண் 13. அது எந்த நிறுவனத்துக்கும் உரியது கிடையாது. வீட்டிலேயே டீகோடர் செய்பவர்களுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் என்று ஒதுக்கிவைத்த எண். மூடியைக் கழற்றினால் 21 பின் சாக்கெட்டில் பெயரே அச்சடிக்காத ஒரு பலகை உட்கார்ந்திருக்கிறது.

கடைக்குப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். சிவி 8ஐ நம்ப முடியாது, சில கன்ட்ரோலர்கள் தப்பாக வாசிக்கும் என்று பதில் வந்தது. என்னிடம் இருக்கும் மற்ற எஞ்சின்களை அதே கன்ட்ரோலரில் வாசித்து, எல்லாவற்றிலும் சரியான எண் வருவதை எழுதி அனுப்பினேன். நண்பர் ஒருவரிடம் இஎஸ்யூவின் லோக்புரோகிராமர் கருவி இருந்தது. அதில் இணைத்தபோது இது இஎஸ்யூ டீகோடர் என்று அடையாளம் காணவே இல்லை. அதையும் அனுப்பினேன். அதற்கு அப்புறம் பதில் வருவது நின்றுவிட்டது.

இரண்டாவது எஞ்சின் விஷயம்தான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. ட்ரை-ஆங் என்ற பழைய பிரிட்டிஷ் பொம்மை ரயில் நிறுவனத்தின் காலத்து ஜின்ட்டி என்ற சின்ன நீராவி டேங்க் எஞ்சின் மாதிரி ஒன்று என்னிடம் இருந்தது. எக்ஸ்04 மோட்டார் போட்டது. அதில் சாக்கெட் எதுவும் கிடையாது. வயர்களை வெட்டிச் சால்டர் செய்துதான் டீகோடர் பொருத்த வேண்டும். அதையும் கிளாஸ் 37 ஆர்டரோடு சேர்த்து அவர்களிடம் அனுப்பியிருந்தேன்.

எக்ஸ்04இல் மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் இரண்டு பிரஷ்களில் ஒன்றுக்கு மட்டும்தான் இன்சுலேஷன் இருக்கும். மற்றது மோட்டார் உடல் வழியாக எஞ்சினின் உலோக அடிச்சட்டமான சேசிஸோடும், அதன் வழியாக ஒரு பக்கத் தண்டவாளத்தோடும் சேர்ந்திருக்கும். டிசியில் இதனால் எந்தப் பிரச்சினையும் இல்லை. டிசிசியில் டீகோடரின் மோட்டார் வயர்கள் இரண்டும், ஆரஞ்சும் சாம்பலும், தண்டவாளத்தைத் தொடவே கூடாது. தொட்டால் தண்டவாள மின்சாரம் நேராக மோட்டாரை இயக்கும் பகுதிக்குள் புகுந்து டீகோடரை எரித்துவிடும். பழைய எஞ்சினைத் தொடுகிற யாருக்கும் இதுதான் முதல் பாடம். இரண்டாவது பிரஷ்ஷுக்கும் ஒரு சின்ன இன்சுலேஷன் குழாய் மாட்டினால் போதும், சில பென்ஸ் செலவு.

திரும்பி வந்த ஜின்ட்டியை புரோகிராமிங் டிராக்கில் வைத்தேன். அங்கே கன்ட்ரோலர் விடும் மின்சாரம் கால் ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும் என்பதால் பொருத்தியதில் தவறு இருந்தாலும் டீகோடர் தப்பிக்க வாய்ப்பு உண்டு. எந்தப் பதிலும் வரவில்லை. மூடியைக் கழற்றியபோதே கருகல் வாசனை. டீகோடரின் மேலுறை பழுப்பாகச் சுருங்கியிருந்தது. டீகோடர் வயர்களைப் பிரித்துவிட்டு மல்டிமீட்டரில் ஒரு முனையை சேசிஸிலும் மறுமுனையை சாம்பல் வயர் போன பிரஷ்ஷிலும் வைத்தேன்; இணைப்பு இருக்கிறது என்று மீட்டர் கத்தியது. இன்சுலேஷன் குழாய் மாட்டவே இல்லை. அவர்கள் மேசையிலேயே எரிந்துபோன டீகோடரை அப்படியே மூடிப் பார்சல் செய்து, பொருத்தியதற்கும் சோதித்ததற்கும் பணம் போட்டு பில் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டபோது, நீங்கள்தான் ஷார்ட் செய்துவிட்டீர்கள், மூடியைத் திறந்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றார்கள்.

இதில் இன்னொரு தவறும் இருந்தது. அவர்கள் வைத்தது ஓஓவைவிடச் சிறிய 'N' கேஜ் ரயில்களுக்கான குட்டி டீகோடர். அதன் தாங்குதிறன் அரை ஆம்பியருக்குச் சற்று மேல். என் மோட்டாரை நான் அளந்தபோது அது ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்தது. இன்சுலேஷன் சரியாக இருந்திருந்தாலும் சுமை இழுக்கும்போது என்றாவது ஒரு நாள் அது போயிருக்கும். டீகோடரை இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மோட்டாரின் ஸ்டால் கரண்ட்டை, அதாவது சுழலவிடாமல் பிடித்தால் அது இழுக்கும் மின்சாரத்தை, பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளப்பது எளிது: 12 வோல்ட் டிசியில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்து, மோட்டார் அச்சைச் சுற்றவிடாமல் ஓரிரு நொடி மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணைவிட அதிகம் தாங்கும் டீகோடரை வாங்குங்கள். கடைக்கு எஞ்சினை அனுப்பினால் அந்த எண்ணை எழுதியே அனுப்புங்கள். அது எதற்கு என்று கேட்கிற கடைக்கு அனுப்பவே வேண்டாம்.

பழைய ஒலி டீகோடர் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லோக்சவுண்ட் 3.5க்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும்; 4க்கும் 5க்கும் 4 அல்லது 8 ஓம். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் லோக்சவுண்ட் என்று மட்டும் எழுதி விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள். 3.5இல் 8 ஓம் மாட்டினால் ஒலிப் பகுதி போய்விடும்.

சரி, பணம் என்ன ஆனது? ஆர்டருக்கேற்பத் தயார் செய்த பொருள், திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகளில் இருக்கிறது, தனியாகச் செய்து தரும் பொருளுக்கு அது பொருந்தாது என்பதும் உண்மை. ஆனால் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் அந்த விலக்கு அவர்களைக் காப்பாற்றாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வேலை செய்து தருவதாக இருந்தால் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் குறிப்பிட்டு, நாள் தவறுவதற்கு முன் மின்னஞ்சலில் நிராகரித்தேன். தொலைபேசியில் பேசி முடித்துவிடலாம் என்று அழைத்தார்கள், மறுத்துவிட்டேன். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கிளாஸ் 37க்கு கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்கு, 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் விற்பவரோடு சேர்ந்து பொறுப்பு. விற்பனைப் பக்கத்தின் படம், சிவி 8 காட்டிய திரை, பெயரில்லாத பலகையின் படம் மூன்றையும் அனுப்பினேன். முழுப் பணமும் வந்துவிட்டது. ஜின்ட்டிக்கான கூலி 100 பவுண்டுக்குக் குறைவு என்பதால் அந்தப் பிரிவு பொருந்தாது. அதற்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டிருக்கிறேன்; அது சட்ட உரிமை இல்லை, கார்டு நிறுவனங்களின் சொந்த விதி மட்டுமே. எரிந்த டீகோடரையும் மாட்டாத இன்சுலேஷனின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வங்கியிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன். இப்படிப் பொருத்தி வாங்கிய எஞ்சின் யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே சிவி 8ஐ வாசித்துப் பாருங்கள், 30 நாள் கணக்கு பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது.