அத்தை வீட்டு நாயும் அடுப்படியும்: சங்கிலியா, சாக்கா, படலா?

மகளின் பிரசவத்துக்காக அத்தை குடும்பத்தோடு கோவைக்குப் போய்விட்டார். கோபிசெட்டிபாளையம் வீட்டில் 12 நாள் நானும் அவருடைய லாப்ரடாரும். 35 கிலோ உடம்பு. பின்னங்காலில் நின்றால் சமையல் மேடை முழுக்க அதன் ஆட்சி. முதல் நாளே அரிசிம்பருப்புச் சோற்றுப் போசி காலி.

அதட்டிப் பார்த்தேன். பலன் உண்டு, நான் அடுப்படியில் நிற்கும்வரை. அந்தப் பக்கம் போனதும் மேடை ஏறியது. ஆள் இல்லாதபோது திருடினால் ஆபத்தில்லை என்பதைத்தான் அதட்டல் அதற்குக் கற்றுக்கொடுத்தது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதாகக் காட்டினார்கள். தீனி மேல் அதிக நாட்டம் அதோடு சேர்ந்தே வருகிறது. அந்தப் பசியோடு என் தொண்டை எத்தனை நாள் போட்டி போடும்?

சங்கிலி சுலபம். ஆனால் சமைக்கும் நேரமெல்லாம் கட்டிவைத்தால் ஓயாமல் குரைக்கிறது, மதிய வெயிலில் நிழல் நகர நகர நாமும் கட்டுமிடத்தை மாற்ற வேண்டும். மேடையில் மிளகாய்த்தூள் தூவச் சொன்ன பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு கும்பிடு. கண் எரிந்து துடிக்கும் நாயை யார் பார்ப்பது?

மூன்றாவது, சாக்குப் பயிற்சி. அடுப்படி வாசலுக்கு வெளியே சாக்கு விரித்து, அதில் படுத்தால் எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு. மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும். முறைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது, நாய்க்கும் பிடித்தது. நான்கே நாளில் சாக்கைக் கண்டதும் ஓடிவந்து படுத்தது. ஆனால் பத்து முறை மேடை ஏறி ஒரே ஒரு முறை ஒப்புட்டு கிடைத்துவிட்டால் போதும், அந்த ஒன்றை நம்பியே மறுபடி மறுபடி ஏறும். பழக்கத்தை வேரோடு எடுக்க மாதக்கணக்கில் ஆகும். அது வளர்ப்பவர் வேலை. 12 நாள் காவலாளிக்கு முடியாது.

நான் தேர்ந்தெடுத்தது படல். தோட்டத்து ஆட்டுப் பட்டியில் சும்மா கிடந்த மூங்கில் படலைக் கொண்டுவந்து அடுப்படி நிலையில் கட்டினேன். செலவில்லை, நாய்க்கு ஆளும் தெரிகிறது, குரைப்பும் இல்லை. கூடவே மேடையில் எதையும் விடுவதில்லை. ஒரு நாள் பள்ளிபாளையம் சிக்கன் செய்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. சட்டி நிறையச் சின்ன வெங்காயம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அறிகுறி சில நாள் கழித்தே தெரியும். வெந்த கோழி எலும்போ சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும். இந்த வீட்டில் பயிற்சி ஒரு முறை தவறினாலும் கால்நடை மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். எனவே சாக்கு விளையாட்டுக்கு, படல் காவலுக்கு என்று பிரித்துக்கொண்டேன்.

படலிலும் குறை உண்டு. எட்டாம் நாள் அடியில் மூக்கை விட்டு நெம்பப் பார்த்தது. அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக் கொடுத்தேன், அதன்பிறகு அசையவில்லை.