'அழியாத கறுப்பு' என்று நம்பி வாங்கிய மை என் பேனாவை அடைத்துவிட்டது

ஒன்பது வருடமாக ஒரே இங்க் பேனாவில்தான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒருமுறை தண்ணீர் கொட்டி நான்கு பக்கம் கரைந்து போனதால், கரையாத கறுப்பு மை தேடினேன். இணையத்தில் ஒருவர் "அழியாத கறுப்பு, எல்லாப் பேனாவுக்கும்" என்று விற்றுக்கொண்டிருந்தார். ஃபவுண்டன் பேனாவில் ஊற்றலாமா என்று தனியாகவும் கேட்டேன். "தாராளமாக ஊற்றுங்கள்" என்று பதில் வந்தது.

முதல் நாள் எழுத்து கன்னங்கரேலென்று விழுந்தது, மனசு நிறைந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் முதல் சொல் விழவில்லை. ஒரு வாரத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தும் நிறம்கூடப் பிரியவில்லை. நிப்பைக் கழற்றினால், அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் நாக்கின் பள்ளங்களில் பளபளவென்று கறுப்பாக ஒரு தோல். அப்புறம்தான் புட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில், 'படம் வரைய, தொட்டு எழுதும் நிப்புக்கு' என்றிருந்தது.

அது இந்தியன் இங்க் வகை. கரித்துகள், அதைக் காகிதத்தில் பிடித்து வைக்க அரக்கு. அரக்கு காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. தொட்டு எழுதும் நிப்பை வேலை முடிந்ததும் துடைத்துவிடலாம், பிரச்சினை இல்லை. மைப் பேனாவிலோ மயிரிழை போன்ற பள்ளம் வழியாக மை இறங்க வேண்டும், இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அந்த வழியில் அரக்கு காய்ந்தால் இரண்டும் நின்றுவிடும். ஸ்பிரிட் ஊற்றினால் கரையும் என்று ஒரு நண்பர் சொன்னார். அரக்கு கரையும்தான், ஆனால் பேனா உடம்பின் பிளாஸ்டிக்கும் விரிசல் விடலாம். வெந்நீரில் நாக்கே வளைந்துவிடும். கடைசியில் பேனா பழுது பார்ப்பவரிடம் கொடுத்து நாக்கை மாற்றினேன். நிப் தப்பியது.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "நீங்கள் பேனாவைக் கழுவவில்லை" என்றார். பணம் தரவில்லை. அந்த விளம்பர வரி இன்னும் அப்படியே இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'பெர்மனென்ட்' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஃபவுண்டன் பேனாவுக்கு என்று புட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். விற்பவர் வாய்ச்சொல் போதாது. சாதாரண மை நீரில் கரையும் சாயம், பேனாவுக்கு அதுதான் பத்திரம். கரையாத எழுத்துதான் வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த நீலக்கறுப்பு மை. எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டுக் கறுக்கும். அமிலத்தன்மை உள்ளது, எஃகு நிப்பில் மாதக்கணக்கில் விட்டு வைக்கக் கூடாது. இன்னொன்று, ஃபவுண்டன் பேனாவுக்கென்றே மிக நுண்ணிய துகளில் செய்த நிறமி மை. அதையும் உள்ளே காய விடாமல் அடிக்கடி கழுவ வேண்டும்.

இப்போது புது மை வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, ஒரு நாள் காயவைத்து, குழாயடியில் காட்டுகிறேன். சாய மை ஓடிவிடும். பளபளப்பான ஏடாக உரிந்தால் அதைப் பேனா பக்கமே கொண்டுபோக மாட்டேன்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போதே மையைக் கொட்டி, தண்ணீர் தெளிவாக வரும்வரை நிப் வழியாக உறிஞ்சி உறிஞ்சி வெளியேற்றுங்கள்.