பதினோரு நாளில் ஆயிரம் சப்ஸ்கிரைபர்: 13,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது என்ன?

திருப்பூரில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் வரும். மூன்று வருடமாக யூடியூபில் ஒரு சின்ன சேனலும் ஓடுகிறது. நூல் அறுந்துகொண்டே இருந்தால் எங்கே பார்ப்பது, பாபின் கேஸ் திருகை எவ்வளவு திருப்புவது, ஊசி ஏன் ஒடிகிறது, இந்த மாதிரி. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். 640 பேர் சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலும் டெய்லர்கள், வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிற பெண்கள்.

மச்சான் பையன் சேனல் ஆரம்பிக்கும்வரை அந்த 640 எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. அவன் பரோட்டா சாப்பிடுகிற வீடியோ போட்டு ஆறே மாதத்தில் மானிடைசேஷன், அதாவது வீடியோவில் ஓடும் விளம்பரத்துக்குப் பணம் வாங்கும் தகுதி, வாங்கிவிட்டான். பொறாமைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது.

"சார், உங்க கன்டென்ட் சூப்பரா இருக்கு, ரீச் மட்டும்தான் இல்ல" என்றது ஒரு பெண் குரல். 60 நாளில் மானிடைசேஷன், பேக்கேஜ் 15,000 ரூபாய். முதலில் 8,000, ஆயிரம் சப்ஸ்கிரைபர் தொட்டதும் 5,000, வேலை முடிந்ததும் மீதி. வாட்ஸப்பில் யார் யாருடைய சேனல் ஸ்கிரீன்ஷாட்டோ வந்து குவிந்தது. பில் கேட்டேன். "எல்லாம் முடிஞ்சதும் மொத்தமா குடுத்துருவோம் சார்." யுபிஐ போட்ட நம்பர் ஒரு தனி ஆளின் பெயரைக் காட்டியது. அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

ஜிமெயில் பாஸ்வேர்டும் கேட்டார்கள். நான் டைப் அடித்தே விட்டேன், அனுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டிக்கொண்டிருந்த மனைவி, "ஏனுங்க, யாரோ கேட்டா பீரோ சாவியையும் குடுத்துருவீங்களா?" என்றாள். அந்த ஒரு கேள்வியால் சேனல் தப்பியது. பெரிய ஆட்களே இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற கம்ப்யூட்டர் சேனல் ஒன்றரைக் கோடி சப்ஸ்கிரைபரோடு திருடர்கள் கைக்குப் போனது. விளம்பரம் தருகிறோம் என்று வந்த மெயிலில் இருந்த ஃபைலைத் திறந்ததுதான் காரணம். அவர்கள் அதில் கிரிப்டோ மோசடி லைவ் ஓட்டினார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பணம் போட்ட மூன்றாம் நாளிலிருந்து எண்ணிக்கை ஏறியது. பதினோராம் நாள் ஆயிரம். கடைக்கு ஸ்வீட் வாங்கிப் போனேன். அன்று இரவே 5,000 அனுப்பினேன்.

ஆனால் கமென்ட் பகுதி என்னவோ போல இருந்தது. நெருப்பு எமோஜி, கைதட்டல் எமோஜி, "நைஸ் ப்ரோ". பேட்லாக் லூப்பர் டைமிங் வீடியோவுக்கு எதற்கு நெருப்பு? முன்பு பத்து கமென்ட் வந்தால் ஏழு சந்தேகமாக இருக்கும், பதில் சொல்லவே ராத்திரி ஆகிவிடும். இப்போது பதில் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆரம்பத்திலிருந்து பார்க்கிற ஈரோட்டு அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, சேனல வித்துட்டீங்களா?"

மானிடைசேஷன் விதியை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் மட்டும் போதாது. கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை வர வேண்டும். 2018 தொடக்கம்வரை சேனலுக்கு மொத்தம் 10,000 பார்வை இருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. கதவை இறுக்கியதும் வாசலில் தரகர்கள் முளைத்துவிட்டார்கள்.

சேனல்காரருக்குக் கணக்குக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸ் பக்கம் 2,500 மணி நேரம் என்று காட்டியது. மானிடைசேஷன் பக்கத்தில் வெறும் 1,960. ஒரே சேனலுக்கு எப்படி இரண்டு கணக்கு? பார்வை எந்த வழியாக வந்தது என்று காட்டும் டிராஃபிக் சோர்ஸ் என்ற இடத்தைத் திறந்தால், புதிதாக வந்த பார்வைகளில் முக்கால்வாசிக்கு மேல் "யூடியூப் விளம்பரம்" என்று இருந்தது. இதுதான் அவர்களுடைய மொத்த வித்தை. என் வீடியோவின் லிங்கை எடுத்து விளம்பரமாக ஓட்டியிருக்கிறார்கள். அதற்கு என் அனுமதிகூடத் தேவையில்லை, வீடியோ எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் போதும். விளம்பரமாக ஓடியதில் கிடைக்கும் பார்வை நேரம் அந்த 4,000 மணியில் சேராது என்று யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. நாடு வாரியாகப் பார்த்தேன். நான் பேசும் ஒரு சொல்கூடப் புரியாத ஊர்களில் எல்லாம் என் பாபின் கேஸ் ஓடியிருக்கிறது. சராசரியாக நான்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 30 வினாடி.

போன் போட்டேன். "வாட்ச் டைம் பேக்கேஜ் தனி சார், 9,000 ஆகும்" என்றாள் அந்தப் பெண். முதல் நாள் பேசும்போது அப்படி ஒரு பேச்சே இல்லை. அந்த வாட்ச் டைம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் "எங்க டீம் பாத்துக்கும்". ஆளை வைத்தோ மெஷினை வைத்தோ ஓட்டுவது போலி ஈடுபாடு என்ற விதியின் கீழ் வரும், சேனலையே தூக்கிவிடலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சப்ஸ்கிரைபர் ஏறிருச்சே சார்" என்றாள். அப்புறம் என் நம்பர் பிளாக்.

விடாமல் ஒரு சோதனை செய்தேன். ஸ்டுடியோவிலேயே, பணம் கட்டி நம் வீடியோவை விளம்பரமாக ஓட்ட, புரமோஷன் என்று ஒரு பட்டன் இருக்கிறது. நானே 500 ரூபாய் போட்டேன். மூன்று நாளில் 130 சப்ஸ்கிரைபர். கணக்குப் போட்டால் அவர்கள் எனக்கு ஏற்றிக் கொடுத்ததற்கு இரண்டாயிரம் சொச்சம்தான் ஆகும். பதிமூன்றாயிரத்தில் மீதி எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைவிட வேறொன்றுதான் உறுத்துகிறது. முன்பு வீடியோ போட்ட முதல் நாள் 90 பேராவது பார்ப்பார்கள். போன மாதம் போட்ட ஓவர்லாக் கத்தி வீடியோவை முதல் நாளில் பார்த்தது 31 பேர். எனக்குப் புரிந்தவரை, புது ஆட்களுக்கு வீடியோ போகிறது, அவர்கள் தொடுவதில்லை, யாரும் தொடாத வீடியோவை யூடியூப் மேற்கொண்டு யாருக்கும் காட்டுவதில்லை. இதைச் சரிசெய்ய எந்தத் திருகைத் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். யுபிஐ ரசீதும் வாட்ஸப் பேச்சும் அழிக்காமல் இருந்ததால் பதிவு செய்வது சுலபமாக இருந்தது. நீங்களும் இதில் மாட்டியிருந்தால் கோபத்தில் சாட்டை டெலிட் செய்துவிடாதீர்கள். இப்போது பேக்கேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இன்றைக்கே டிராஃபிக் சோர்ஸைத் திறந்து பாருங்கள், இரண்டாவது தவணை அனுப்பும் முன்.

ஏஜென்ஸி பெயரைப் போடாததற்குக் காரணம், பெயர் நிற்பதில்லை. என்னிடம் பேசிய ஒரு மாதத்திலேயே வாட்ஸப்பில் இரண்டு பெயர் மாறியது. போன வாரம் வேறு நம்பரிலிருந்து ஒரு போன். அதே குரல், மூன்றாவது பெயர். என்னை அடையாளம் தெரியவில்லை போல. "சார், உங்க சேனல்ல 1,300 பேர் இருக்காங்க, ஆனா வியூஸே வரலையே, ஏன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.