ஆறு வார விடுமுறையில் ஒரு ஹார்மோன் டாக்டரைத் தேடி

இந்த ஜூலைக் கடைசியில் திருச்சி வந்து இறங்கிய மூன்றாம் நாளே அத்தை கேட்டுவிட்டார். "ஏம்மா, இந்த வெக்கையிலயும் புள்ள ஃபேனை நிறுத்தச் சொல்றான், போர்வை கேக்கறான். உடம்புக்கு என்ன?"

நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில், க்ராய்டனில். அங்கே வருடத்தில் பாதி நாள் எல்லோரும் ஸ்வெட்டரோடுதான் இருக்கிறோம். எட்டு வயதுப் பையன் குளிருகிறது என்றால் யாருக்கும் அது விசேஷமாகப் படாது. தில்லைநகரில், மாடி வீட்டில், மத்தியான வெயிலில் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்கெனவே மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. இரண்டு வருடமாக அவனுக்குப் பள்ளி ஷூ ஒரே சைஸ். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். அங்கே டாக்டரிடம் கேட்டதற்கு, அப்பா அம்மா இரண்டு பேருமே குட்டைதானே, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளை முதலில் சேரும் ரிசப்ஷன் வகுப்பில் ஒரு தடவை உயரம் எடுப்பார்கள். அடுத்தது ஆறாம் வகுப்பில். நடுவில் பிள்ளை வளர்கிறதா என்று அளந்து பார்க்க ஆள் இல்லை.

தில்லைநகரில் குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு கிளினிக்தான். "சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன்" என்ற போர்டும் நிறைய உண்டு. அதில் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, மூன்று நிமிடம் பார்த்தார்கள். உயரம் அளக்கவே இல்லை. ஒரு டானிக், ஒரு புரோட்டீன் பவுடர். அதோடு "வளர்ச்சி ஊசி போட்டா சரியாகிடும், வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குச் செலவு ஒரு பிரச்சனை இல்லையே" என்றும் ஒரு பேச்சு. ஒரு ரத்தச் சோதனைகூட எழுதாமல் ஊசியைப் பற்றிப் பேசியது எனக்குச் சரியாகப் படவில்லை. சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பார்த்த டாக்டரை மறக்க மாட்டேன். பெரியவர்களுக்கான எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர். பையனை நிற்க வைத்துப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அப்புறம், "நான் தினமும் பார்க்கறது சர்க்கரை வந்த பெரியவங்களை. இவனைக் குழந்தைகளுக்குன்னே இருக்கற ஹார்மோன் டாக்டர்கிட்ட காட்டுங்க. சென்னை, இல்லன்னா வேலூர் சி.எம்.சி. நாளைத் தள்ளாதீங்க" என்றார். ஃபீஸ் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

போர்டை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். எண்டோகிரைனாலஜியில் டி.எம். என்ற மேல்படிப்பு படிக்க பொது மருத்துவம் முடித்தவரும் போகலாம், குழந்தை மருத்துவம் முடித்தவரும் போகலாம். அதனால் டி.எம். என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய எம்.டி. பீடியாட்ரிக்ஸா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எம்.டி. பீடியாட்ரிக்ஸ் முடித்துக் குழந்தைகள் ஹார்மோன் பிரிவில் தனிப் பயிற்சி எடுத்தவராக இருக்க வேண்டும். போனில் கேட்கும்போது, "டாக்டர் வாரத்தில் எந்தெந்த நாள் குழந்தைகளைப் பார்ப்பார்?" என்று கேட்டாலே விஷயம் தெரிந்துவிடும்.

நாத்தனார் பெரம்பூரில் இருப்பதால் சென்னை என்று முடிவு செய்தோம். அங்கே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் முன்பதிவு செய்யும்போது ஓ.டி.பி. இந்திய நம்பருக்குத்தான் வந்தது, என் லண்டன் நம்பரை அந்த ஆப் ஏற்கவில்லை. கொழுந்தன் நம்பரைப் போட்டோம். தட்காலில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், விடியற்காலை எழும்பூர்.

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சிஸ்டர் அவனைக் கூப்பிட்டார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார். சுவரில் பொருத்திய அளவுகோலில் குதிகால், பின்பக்கம், முதுகு மூன்றும் படும்படி நிறுத்தி, பார்வை நேராக இருக்கும்படி தாடையைப் பிடித்து, மேல் பலகையைத் தலையில் இறக்கினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. 119.2 செ.மீ. நாலு நாளுக்கு முன் டானிக் எழுதிக் கொடுத்த இடத்தில் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதுமே என்று வயிறு எரிந்தது.

டாக்டர் முதலில் கேட்டது பழைய உயரங்கள். ஐந்து வயதில் பள்ளியில் அளந்த 109 செ.மீ. என் போனில் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை என்றேன். அதற்குள் பையன், "தாத்தா வீட்டுக் கதவுல கோடு போட்டாரே" என்றான். இரண்டு வருடம் முன்பு வந்தபோது மாமா அவனைப் பூஜை அறைக் கதவு நிலையில் நிறுத்தி, பென்சிலால் கோடு இழுத்துத் தேதியும் எழுதி வைத்திருந்தார். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சிடலையே?"

அங்கிருந்தே கொழுந்தனுக்குப் போன் போட்டோம். டேப்பைத் தரையிலிருந்து பிடித்து அளந்து, கோட்டோடு சேர்த்துப் போட்டோ அனுப்பினார். 115 செ.மீ.யும் கொஞ்சமும். வீட்டில் எடுத்த அளவு, ஒரு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் இரண்டு வருடத்தில் நாலு செ.மீ. என்றால் போதாது. இந்த வயதில் வருடத்துக்கே ஏறக்குறைய 5 செ.மீ. வளர வேண்டுமாம். "குட்டையா இருக்கறது வேற, வளர்ச்சி நிக்கறது வேறம்மா. அப்பா அம்மா குட்டைன்னா பிள்ளை குட்டையா இருக்கலாம். ஆனா அதது பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

இடது கையும் மணிக்கட்டும் சேர்த்து ஒரு எக்ஸ்ரே, கொஞ்சம் ரத்தம். லேபில் என் வெளிநாட்டு கார்டு வேலை செய்யவில்லை, "ஜிபே இருக்கா?" என்றார்கள். கையில் ரொக்கம் இருந்ததால் தப்பித்தோம். சாயங்காலமே முடிவு வந்தது. எலும்பு வயது ஆறு, அதாவது எட்டு வயதுப் பையனின் எலும்பு ஆறு வயதுப் பிள்ளையின் எலும்பு அளவுக்குத்தான் முதிர்ந்திருந்தது. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறும் டி.எஸ்.எச். 100க்கு மேல். ஐந்தைச் சுற்றி இருந்தாலே யோசிப்பார்களாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ என்ற நோய். பிறந்த ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த சோதனையில் எல்லாம் சரி என்றார்களே என்று கேட்டேன். அது பிறவிக் குறையைக் கண்டுபிடிக்கத்தான், இது பின்னால் வந்தது என்றார். புசுபுசுவென்று இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் கிள்ளிய கன்னம்கூட இதன் வீக்கம்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வளர்ச்சி ஊசியைப் பற்றியும் கேட்டேன். தைராய்டு இவ்வளவு குறைவாக இருக்கும்போது வளர்ச்சி ஹார்மோன் சோதனையே குறைவாகத்தான் காட்டும், முதலில் இதைச் சரிசெய்யாமல் அந்தப் பேச்சே கூடாது என்றார். கொடுத்தது ஒரு சின்ன மாத்திரை, லெவோதைராக்சின். குறைந்த அளவில் ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்துக் கூட்டச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில். பாலோடு கூடாது, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரையோடும் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. அத்தைக்கு இதுதான் கஷ்டம், எழுந்ததும் பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்துப் பழகியவர். இரண்டாவது நாளிலிருந்து அவரே அலாரம் வைத்து மாத்திரை கொடுத்தார்.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு. மருந்து ஆரம்பித்து ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எங்கள் விடுமுறையே ஆறு வாரம், அதில் இரண்டு வாரம் தேடியே போய்விட்டது. ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால் டிக்கெட் போட்ட அன்றே அப்பாயின்ட்மென்டும் போடுங்கள். பிள்ளையின் பழைய உயரங்களைத் தேதியோடு எழுதி எடுத்து வாருங்கள். டாக்டரிடம் கடிதம் வாங்கும்போது மருந்தின் கம்பெனிப் பெயரோடு, உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் மைக்ரோகிராம் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வளர்ச்சி வரைபடம், எக்ஸ்ரே, ரத்த முடிவு எல்லாமே என் கையில் இருந்தன. க்ராய்டன் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் மருந்தைத் தொடர்ந்தார். ரத்தமும் எடுத்து, அங்குள்ள குழந்தைகள் ஹார்மோன் பிரிவுக்கும் எழுதினார்.

கிளம்பும் அன்று மாமா பேரனை அதே நிலையில் நிறுத்தினார். பழைய கோட்டுக்கு மேலே நாலு விரல்கூட இல்லாத தூரத்தில் புதுக் கோடு. தேதி எழுதி, பக்கத்தில் "மாத்திரை" என்றும் எழுதினார்.

போன வாரம் பள்ளி விட்டு வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். "அம்மா, விரல் கடிக்குது" என்றான்.