அம்மாவின் கதைகளைத் தட்டச்சு செய்து தந்த அட்டன் கடை

வீட்டில் வயசானவர்கள் இருந்து, சொல்ல அவர்களிடம் கதையும் இருந்து, எழுத ஆள் இல்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலங்கை மலையகத்து அட்டன் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன கொமியூனிகேஷன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம் என்று வழக்கமான கடைதான். ஆனால் உள்ளே ஒரு கதிரை போட்டு உட்கார வைத்து, வாயால் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தும் தருகிறார்கள்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தேயிலைக் கொழுந்து பறித்தே காலம் போய்விட்டது, பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றது, ஆனால் அவர் கதை சொல்ல உட்கார்ந்தால் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுகூட எழுந்து போகாது. போனில் பதிந்து பார்த்தோம், சரிவரவில்லை. போனைக் கண்டதுமே அளந்து அளந்து பேச ஆரம்பித்துவிடுகிறார். இங்கே எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து "அப்புறம் பாட்டி?" என்று கேட்கிறது, கதை தானாக ஓடுகிறது.

வேகமாகத் தட்டச்சு செய்கிற கடைகள் அட்டனில் நிறைய. இவர்கள் ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்கள், நான் இந்தக் கடையைச் சொல்வதே அதற்காகத்தான். பெரியம்மா குடும்பம் இந்தியா போனதை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் தோட்டத்துத் தமிழரைப் பிரித்துக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் போனவர்கள். தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். "அக்கா அழுதுகொண்டே கோச்சியில் ஏறினாள்" என்று அந்தப் பிள்ளை வாசித்ததும் அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார். "இல்ல பிள்ள, அவ அழல. அழுதது நானு. அவ கடைசி வரைக்கும் எனக்குத் தல சீவிக்கிட்டு இருந்தா, கோச்சி ஊதவும் சீப்ப என் தலையிலயே விட்டுட்டு ஓடிட்டா." சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த கதை, அதில் சீப்பு வந்ததே இல்லை. தன் கதையை இன்னொருவர் வாயால் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை பொறுமையாக வரியை அழித்து, அம்மா சொன்னபடியே அடித்து, மறுபடி வாசித்தது.

குறையும் உண்டு. சுருள் கம்பி பைண்டிங் சீக்கிரம் கழன்றுவிட்டது, காசு கூடினாலும் தைத்தே வாங்குங்கள். எழுத்து சின்னதாக வந்தது, முதலிலேயே 16 அளவு என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக, யுனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பாமினி எழுத்துருவில் அடித்துவிடுவார்கள், தாளில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கோப்பை வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைக்கு அனுப்பினால் போனில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும்.

பக்கத்துக்கு 150 ரூபாய், வாசித்துத் திருத்துவதற்குத் தனியாக எடுப்பதில்லை. அந்த வேலைக்கு இது குறைவு என்றே நான் சொல்வேன். சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போகாதீர்கள், கூட்டத்தில் வயசானவர்களுக்குப் பேச்சு வராது. கிழமை நாளில் காலையில் போனால் கடை காலியாக இருக்கும். நாலைந்து படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, கூட ஒரு ஆள் போங்கள்.