வாடகைக்கு ஓடிய மின்காரா, ஒரே கையில் இருந்த மின்காரா?

ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே விலை. ஒன்று இரண்டு வருடம் வாடகைக்கு ஓடி 70,000 கி.மீ. காட்டுகிறது. இன்னொன்று ஐந்து வருடமாக ஒருவரிடமே இருந்து 40,000 கி.மீ. மட்டும் ஓடியிருக்கிறது. பெட்ரோல் கார் என்றால் பலர் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பார்கள். மின்கார் என்றால் நம் ஓட்டு முதலாவதற்கு. ஆனால் சோதித்துப் பார்த்துத்தான்.

தனியார் காரின் சாதகங்கள் தெரிந்தவைதான்: வீட்டில் நிதானமான ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜ், அடிபடாத உட்புறம், ஓட்டியவரிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி.

கணக்கு மாறுவது பேட்டரி வாரண்டியில். பல கம்பெனிகள் தருவது 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் முடிகிறதோ அதுவரை. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பழுது பார்ப்பதோ மாற்றுவதோ அவர்கள் பொறுப்பு. வாடகைக் காருக்கு மீதி 6 வருடம், 90,000 கி.மீ. தனியார் காருக்கு 3 வருடம், 1,20,000 கி.மீ. வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு முதலாவதில் ஆறு வருடப் பாதுகாப்பு, இரண்டாவதில் மூன்றுதான். 25,000 ஓட்டினாலும் வாடகைக் கார் மூன்றரை வருடம் தாங்கும். 30,000-ஐத் தொடும்போதுதான் இரண்டும் சமம். மீதமிருக்கும் அந்த 1,20,000 கி.மீ.யை மூன்றே வருடத்தில் ஓட்டித் தீர்க்கப்போகிறவர்கள் எத்தனை பேர்? நாளை நீங்கள் விற்கும்போதும் வாங்க வருபவர் முதலில் கேட்பது இந்த மீதியைத்தான்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டியைக் குறைக்கும் விதி சில கம்பெனிகளிடம் இருக்கிறது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது, அடுத்த உரிமையாளருக்கு முழுசாக மாறுமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்வார்த்தை போதாது.

"வாடகைக் கார் என்றால் எந்நேரமும் டிசி எனும் அதிவேக சார்ஜர்தானே, பேட்டரி தேய்ந்திருக்காதா?" என்பது நியாயமான பயம். ஆனால் பேட்டரி ஓடினால் மட்டும் தேய்வதில்லை. சும்மா நின்றாலும் மூப்படையும், அதுவும் வெயிலில் முழு சார்ஜோடு நின்றால் வேகமாக. திரவக் குளிரூட்டல் உள்ள பேட்டரி டிசி சார்ஜைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நிசான் லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகள் போல அந்த வசதி இல்லாத காராக இருந்தால் வாடகைக்கு ஓடியதைத் தொடவேண்டாம். அந்த லீஃபில் எத்தனை முறை டிசி சார்ஜ் ஏறியது என்பதைக் காரின் கணினித் துளையில் செருகும் ஓபிடி கருவியும் லீஃப் ஸ்பை செயலியும் காட்டிவிடும். டாக்சி ஓட்டுநர்களுக்கு மாதக் கணக்கில் விடப்பட்ட காரும் வேறு ரகம். பழைய பதிவுகள் கைக்கு வராவிட்டால் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, விட்டுவிடலாம்.

பேட்டரியை நீங்களே அளக்கலாம். சார்ஜ் 80 சதவீதத்தில் இருக்கும்போது டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, நடுவில் நிறுத்தாமல் 30 வரை ஓட்டுங்கள். மீட்டர் 26 யூனிட் (kWh) செலவு காட்டினால், ஓடியது பாதி சார்ஜ் என்பதால் 26-ஐ 0.5-ஆல் வகுக்க 52 யூனிட். புதிதில் 58 யூனிட் பேட்டரி என்றால் ஏறக்குறைய 90 சதவீதம் மிச்சம். வெறும் 5 சதவீதம் ஓட்டிக் கணக்குப் போட்டால் திரையில் ஒரு சதவீதம் பிசகினாலே விடை ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். காரை நிறுத்தி ஏசி போட்டு உட்கார்ந்திருந்தால் அந்தச் செலவு சில கார்களில் டிரிப் மீட்டரில் ஏறாது. குளிரில் பேட்டரி குறைத்தே காட்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியாக இருந்தால் முதலில் 100 வரை ஏற்றிவிட்டுச் சோதியுங்கள். நடுவில் அதன் வோல்டேஜ் அசையாது என்பதால் சதவீதமே தப்பாக இருக்கக்கூடும். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் ஓபிடி செயலியில் செல் வோல்டேஜ்களைப் பாருங்கள். ஒரே செல் மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட் பின்தங்கி நின்றால், வேறு காரைத் தேடுங்கள்.

2021-ல் ஒரு லட்சம் டெஸ்லா வாங்குவதாக அறிவித்த அமெரிக்க வாடகைக் கார் நிறுவனமான ஹெர்ட்ஸ், 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்கார்களை விற்பதாகச் சொன்னது. அது சொன்ன காரணங்களில் விபத்துப் பழுதுச் செலவும் ஒன்று. வாடகைக் காரின் உண்மையான பலவீனம் இதுதான். பெரிய நிறுவனங்கள் பல, சேதத்தைக் காப்பீட்டுக்கு அனுப்பாமல் தாங்களே சரிசெய்துகொள்வதால் வரலாற்று அறிக்கை சுத்தமாக இருக்கும். பெயிண்ட் தடிமன் மானியை ஒவ்வொரு பேனலிலும் வையுங்கள். 100 முதல் 180 மைக்ரான் இயல்பு, 300-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்க வாய்ப்பு அதிகம். காரைத் தூக்கச் சொல்லி பேட்டரி அடித்தகட்டைப் பாருங்கள். கீறல் பரவாயில்லை, உள்வாங்கிய பள்ளம் கூடாது. டயரின் உள்விளிம்பையும் விரலால் தடவுங்கள். எடை அதிகம் என்பதால் அலைன்மென்ட் கொஞ்சம் விலகினாலே அங்கே கம்பி தெரியும்.

சார்ஜிங் கேபிளும் இரண்டாவது சாவியும் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும், விலையில் கழியுங்கள். சார்ஜ் துளையில் பின்கள் கருத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன்பே வாடகை நிறுவனத்தின் செயலிக் கணக்கிலிருந்து காரை விடுவிக்கச் செய்து, உங்கள் போனில் இணைத்து, ஒருமுறை டிசி சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.