கைதியின் மேல்முறையீடு பயனற்றுப் போனால் பழைய தீர்ப்பு நிற்குமா? இரண்டு அமெரிக்க வழக்குகள்

ஆட்கொணர்வு வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போதே கைதியை விடுவித்துவிடுகிறார்கள், அல்லது வேறு காவலுக்கு மாற்றிவிடுகிறார்கள். இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று வழக்கு முடிகிறது. சரி, கீழ் நீதிமன்றம் அவருக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பு? அதை ரத்து செய்யலாம், விட்டும் வைக்கலாம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் கடற்படைச் சிறையில் இருந்த இருவருக்கு இந்த இரண்டுமே நடந்தன.

முதலாமவர் ஹோசே பதியா, அமெரிக்கக் குடிமகன். 2002 மே மாதம் சிகாகோவில் கைதானார். அடுத்த மாதமே 'எதிரிப் போராளி' என்று அறிவித்து, குற்றச்சாட்டே இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ராணுவக் காவலில் வைத்தார்கள். அது செல்லும் என்று 2005 செப்டம்பரில் நான்காவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். நவம்பரில் அரசு திடீரென்று சாதாரணக் குற்ற வழக்குப் போட்டு, அவரை ராணுவக் காவலிலிருந்து மாற்ற அனுமதி கேட்டது. உச்ச நீதிமன்றத்தின் ஆய்வைத் தவிர்க்கவே இப்படிச் செய்வதுபோல் தோன்றுகிறது என்று அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதிய நீதிபதி லுட்டிக்கே பட்டது. தீர்ப்பை ரத்து செய்ய அவரது அமர்வு மறுத்தது. 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்காமல் விட, தீர்ப்பு அப்படியே நின்றது.

இரண்டாமவர் அல்-மர்ரி, கத்தார் நாட்டவர், அமெரிக்காவில் சட்டப்படி வசித்தவர். அவரைக் காவலில் வைக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் 2008-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது. உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்தது. 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு அவர்மீதும் குற்ற வழக்குப் பதிந்தது. மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கை முடிக்கச் சொன்னது.

விட்டுவைப்பதற்கும் நியாயம் உண்டு. 1994-இல் பான்கார்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுபோல, முன்தீர்ப்புகள் வழக்காடிய இருவருக்கு மட்டும் சொந்தமில்லை. தோற்றவரே சமரசம் பேசி வழக்கை முடித்துவிட்டு, தீர்ப்பையும் அழித்துத் தரச் சொல்ல முடியாது. ஆனால் பதியா எந்தச் சமரசமும் பேசவில்லை. கீழே ஜெயித்த அரசுதான் அவரது காவலை மாற்றியது. ஜெயித்தவர் தன் செயலால் மேல்முறையீட்டைப் பயனற்றதாக்கினால் ரத்துதான் பொருத்தம் என்பதும் அதே பான்கார்ப் தீர்ப்பில் இருக்கிறது.

அதனால் அல்-மர்ரிக்குக் கிடைத்த முடிவே சரி என்பேன். மேல்முறையீட்டின் கதவைச் சிறை வைத்தவரே சாத்திவிட்டு, சோதிக்கப்படாத அதிகாரத்தை அடுத்த கைதிமீது காட்டக் கூடாது.

கைதி கீழே ஜெயித்திருந்தால் என் பதில் தலைகீழ். அரசு மேல்முறையீடு செய்துவிட்டு, அப்புறம் அவரை விடுவித்து, பாதகமான தீர்ப்பையும் அழிக்கக் கேட்டால் நீதிமன்றம் மறுக்க வேண்டும். இரண்டு சூழலிலும் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: வழக்கை நிறுத்தியது யார்? பதியாவின் மனுவை உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்குள் போகாமலே தள்ளிவிட்டது.